நிகொலாய் ஸ்லாவியானோவ் சரிதம்

யாப்பிலக்கணம் பயின்றார் யாவரும் ஆசிடை நேரிசை வெண்பாவை அறிவர். முதற்குறளின் இறுதியும் தனிச்சொல்லும் தம்முள் ஒட்டாது விட்டிசைக்குமிடத்து, ஓரசையேனும் ஈரசையேனும் இடையே கூட்டிப் புலவர் அவ்விரண்டையும் இணைப்பர். அவ்வசைக்கு ஆசு என்பது பெயர். ஒன்றோடொன்று பொருந்தாத உலோகங்களைப் பற்றாசு இட்டுப் பொருத்தும் கைவினைஞர் செயலையே இதற்கு உவமையாக உரைகாரர் காட்டுவர். பட்டடையில் வழங்கிய சொல் ஏட்டில் ஏறிய வரலாறு இது. ஏட்டை மட்டுமே கற்ற எம்போல்வார் பட்டடைக்குப் பட்ட கடன் இவ்வாறு பலவுள.

பற்றாசினை இன்று பொற்பணி செய்வார் பொடி என்பர். அணியின் பொன்னைக் காட்டிலும் விரைந்து உருகுமாறு பொடியைக் கூட்டி, வெண்காரம் தடவி, ஊதுகுழலால் தீயை ஊதுங்கால், பொடி உருகி இரு விளிம்புகளையும் பற்றுகின்றது, பொன் உருகுவதில்லை. ஆயின் பெரிய இரும்பு உறுப்பொன்று முறிந்தவிடத்து இம்முறை போதாது. பளு தாங்கும் இடத்தில், முறிந்த விளிம்புகளும் இடையில் இட்ட உலோகமும் ஒருங்கே உருகி ஓருடலாதல் வேண்டும். இதனையே இக்காலப் பட்டறைகளில் வெல்டிங் என்றும் பற்றவைத்தல் என்றும் வழங்குகின்றனர். இடையில் இடும் அவ்வுலோகத்தை, மின்சாரம் தாங்கித் தானே உருகி வடியும் கோலாக ஆக்கிய பெரியார் ஒருவரின் சரிதத்தை இம்மாதம் நம் அன்பர்களுக்கு எழுத விழைந்தோம்.

ருசிய நாட்டில் வொரோனெழ் மாகாணத்தில் நிக்கோல்ஸ்கோயெ என்னும் சிற்றூரில் 1854-ஆம் ஆண்டு நிகொலாய் காவ்ரிலொவிச் ஸ்லாவியானோவ் பிறந்தார். இவர்தம் தந்தையார் படையில் பணியாற்றியவர். வொரோனெழ் நகரில் பள்ளிக் கல்வி முடித்து, தலைநகராகிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலுள்ள சுரங்கக் கல்லூரியிற் சேர்ந்து, 1877-இல் பொறியாளராகத் தேறினார். அக்கல்லூரி சுரங்கத்தோடு உலோகம் உருக்கும் கலையையும் கற்பித்து வந்தது. தேறியவுடன் வோட்கின்ஸ்க் தொழிற்சாலையில் அமர்ந்தார். பின்னர் ஓமுட்னின்ஸ்க் ஆலைகளில் இரண்டாண்டு கழித்தார். 1883-இன் இறுதியில் பெர்ம் நகரை அடுத்த மோட்டொவிலிகாவிலுள்ள பீரங்கித் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தார். அதன்பின் அவ்விடத்தை விட்டு வேறிடம் பெயர்ந்தாரல்லர்.

மோட்டொவிலிகா ஊரல் மலைப் பகுதியில் காமா ஆற்றங்கரையில் உள்ளது. அங்கே 1875-ஆம் ஆண்டிலேயே 50 டன் எடையுள்ள நீராவிச் சம்மட்டி ஒன்று நிறுவப்பட்டிருந்தது. சம்மட்டி பிடித்த கையினர் அதன் பருமையை எண்ணிப் பார்த்துக்கொள்க. இத்தகைய பேராலையில் நாடோறும் ஏதேனும் ஓர் உறுப்பு முறியும். வார்ப்பில் குழி விழும். பற்சக்கரத்தின் பல் உடையும். பழுதுற்ற பொருளை மீளவும் உலையிலிட்டு உருக்கி வார்த்துக் கடைந்து முடிப்பதற்குட் பல நாள் கழியும். அதுகாறும் அவ்வியந்திரம் வாளா கிடக்கும். ஸ்லாவியானோவின் உள்ளத்தை இவ்விழப்பே உறுத்திற்று.

அவருக்கு முன்னரே ஒருவர் இத்துறையில் வழி திறந்திருந்தார். அவர் பெயர் நிகொலாய் பெனார்டோஸ். 1881-இல் பாரிசு நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் கரிக்கோலுக்கும் உலோகத்துக்கும் இடையே மின்சாரத்தைத் தாவச் செய்து, அவ்வில்லின் வெம்மையால் ஈயத் தகடுகளை இணைத்துக் காட்டினார். பின்னர் இம்முறையை இரும்புக்கும் விரித்துப் பல நாடுகளில் உரிமைப்பட்டயம் பெற்றார். கிரேக்கரின் கொல்லுத்தெய்வமாகிய ஹெபஸ்டஸ் பெயரையே தம் முறைக்குச் சூட்டினார். பெனார்டோஸ் முறையில் ஒரு கை கரிக்கோலைப் பிடிக்கும்; மற்றொரு கை இடையில் இட்டு நிரப்பும் இரும்புக் கோலை அத்தீயில் நீட்டும். கரிக்கோலின் கரி உருகிய இரும்பிற் கலந்து இணைப்பைக் கடினமாக்கி நொறுங்கச் செய்யும் குற்றம் அதில் இருந்தது.

ஸ்லாவியானோவ் செய்தது கேட்பதற்கு மிக எளிது. கரிக்கோலை அறவே நீக்கினார். இடையில் இடவேண்டிய உலோகக் கோலையே மின்சாரத்தின் ஒரு முனையாக்கினார். பழுதுற்ற பொருளை மறுமுனையாக்கினார். இரண்டிற்கும் இடையே மின்வில் எழுந்தவுடன் கோலின் நுனியும் பொருளின் மேற்புறமும் ஒருங்கே உருகின. கோல் துளி துளியாகச் சொட்டிக் குழியை நிரப்பிற்று. தீயும் பற்றாசும் ஒரே கோலில் அமைந்தன. இதனை ஒட்டவைத்தல் என்னாது, மின்சாரத்தால் உலோகம் வார்த்தல் என்றே அவர் பெயரிட்டார். அப்பெயரிலேயே 1892-இல் நூலும் வெளியிட்டார். வார்ப்புத்தொழில் அறிந்தவர்க்கு அப்பெயரின் பொருத்தம் நன்கு விளங்கும்.

எளிது என்றோம், செயலில் அஃது எளிதன்று. கரிக்கோல் மெல்லத் தேயும். உலோகக் கோலோ கண்ணெதிரே குறுகிக்கொண்டே போம். குறுகக் குறுக இடைவெளி அகன்று மின்வில் அறுந்துவிடும். விரைந்து நீட்டினாலோ கோல் பொருளில் ஒட்டிக்கொள்ளும். யாம் ஒருமுறை பட்டறை வாயிலில் நின்று, புதிதாகத் தொழில் பயிலும் பிள்ளையொருவன் இவ்விரண்டிடர்க்கும் இடையே தத்தளிப்பதைக் கருங்கண்ணாடி வழியே கண்டோம். கோல் ஒட்டுந்தோறும் அவன் அதனை வெடுக்கெனப் பிடுங்கினான். முதியவர் ஒருவர் பேசாது அவன் மணிக்கட்டைப் பிடித்து நிலைநிறுத்தினார். 1888-இல் ஸ்லாவியானோவுக்குக் கைபிடித்து உதவுவார் எவருமிலர். ஆகலின் மின்வில்லின் நீளம் மாறுந்தோறும் கோலைத் தானே முன்னும் பின்னும் நகர்த்தும் கருவியொன்றைத் தாமே அமைத்தார். பற்றுக்கம்பியை இயந்திரம் ஊட்டும் முறைக்கு அஃது ஒரு முன்னோடி.

இரண்டாவது இடர் காற்றினால் வருவது. உருகிய இரும்பு காற்றிலுள்ள உயிர்வாயுவையும் நைட்ரஜனையும் பருகி, ஆறியபின் துளைபட்டும் நொறுங்கியும் கெடும். இதற்கு அவர் கண்ட காப்பு இடித்த கண்ணாடித் தூள். அத்தூள் உருகி இரும்பின்மேற் கிட்டமாகப் படர்ந்து காற்றை மறைத்தது. பொற்பணியில் வெண்காரம் புரியும் தொழிலும் இதனோடு உறவுடையதே. பற்றவேண்டிய இடத்தைத் தூய்தாக்கிக் காற்றினின்று காப்பது. உலோகத்தின் குற்றத்தை நீக்கவல்ல மாங்கனீசுக் கலவை முதலியவற்றையும் வேண்டுமளவு சேர்த்தார். உருகிய உலோகம் வழிந்தோடாதபடி பழுதைச் சுற்றி வரம்பு கட்டினார். பெரிய பொருள்களை முன்னரே காய்ச்சிக்கொண்டார். மின்சாரத்தையும் மின்கலங்களில் தேக்கிவையாது, டைனமோவிலிருந்தே நேராக எடுத்தார்.

1888-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஆலையில் அதிகாரிகள் கூடி நோக்க, நீராவி எஞ்சினின் கிராங்க் என்னும் முடக்குத்தண்டு ஒன்றை இம்முறையாற் பற்றவைத்துக் காட்டினார். அதுமுதல் அவ்வாலையில் மின்சார வார்ப்புக்கெனவே தனிப்பட்டறை நடந்தது. தண்டுகளும் பற்சக்கரங்களும் நீராவிப் பேழைகளுமாக, முன்னர் உடைசற்குவியலுக்குச் செல்லவேண்டியவை ஆயிரத்துக்கு மேல் அங்கே உயிர்பெற்று மீண்டன.

இனி உரிமை வழக்கைப் பற்றியும் ஒரு சொல். பெனார்டோஸின் பட்டயத்தில் கரி அல்லது மின்சாரம் பாயும் பிறிதொரு பொருள் என்னும் கருத்து இருந்தமையால், இம்முறை யாருடையது என்ற பூசல் எழுந்தது. 1891-இல் ருசிய அரசு ஸ்லாவியானோவுக்குத் தனிப்பட்டயம் அளித்தது. அமெரிக்காவிலும் காபின் என்பார் 1890-இல் உலோகக் கோல் முறைக்குப் பட்டயம் பெற்றிருந்தார். எம்முடைய கருத்து யாதெனின், பட்டயத்தில் ஒரு சொல்லாக இருத்தல் வேறு. ஆலையின் உடைந்த தண்டை நிமிர்த்தி ஓடச்செய்தல் வேறு. பெனார்டோஸின் பெருமை இதனாற் குறையாது. அவர் தம் செல்வமனைத்தையும் ஆராய்ச்சியிற் செலவிட்டு, 1905-இல் பாஸ்தொவ் என்னும் ஊரில் ஏழையர் விடுதியில் உயிர் துறந்தார் என்பதை எண்ணும்போது எம் நெஞ்சம் நைகின்றது.

ஸ்லாவியானோவின் பெயரைக் கடல் கடந்து கொண்டுசென்றது ஒரு கிண்ணம். மோட்டொவிலிகாவில் செய்யப்பட்ட அக்கிண்ணம் 21 சென்டிமீட்டர் உயரமும் 5 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையும் உடையது. மணி வார்க்கும் வெண்கலம், டொம்பாக்கு என்னும் செம்பு மிகுந்த பித்தளை, நிக்கல், எஃகு, வார்ப்பிரும்பு, செம்பு, ஜெர்மன் சில்வர், மற்றொரு வகை வெண்கலம் ஆகிய எட்டினையும் ஒன்றன்மேல் ஒன்றாக மின்சாரத்தால் வார்த்து, பின்னர்க் கடைசலில் இட்டுக் கடைந்தனர். செம்பு உருகும் வெம்மையில் எஃகு உருகாது. ஆறும்போது சுருங்கும் அளவும் ஒவ்வொன்றற்கும் வேறு. இவ்வாறு ஒன்றாதவற்றை விரிசலின்றி ஒன்றாக்கிய அக்கிண்ணம் 1893-இல் சிகாகோ நகரத்து உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டுப் பதக்கம் பெற்றது. விற்பனைக்கோ உபயோகத்துக்கோ அன்றி, ஐயம் தீர்த்தற்பொருட்டே செய்யப்பட்ட பாத்திரம் அது.

1891-இலேயே அப்பீரங்கி ஆலைகள் அனைத்திற்கும் தலைவராக அவர் அமர்த்தப்பட்டார். அலுவல் பெருகியது; பட்டறையை அவர் கைவிடவில்லை. 1897-ஆம் ஆண்டு அக்டோபரில், நாற்பத்துமூன்றாம் வயதில், திடீரென உயிர் நீத்தார். தலைவர் மறைந்தபின் அப்பட்டறையின் ஊக்கமும் தளர்ந்தது. ஒரு கலை ஒருவர் கையிலேயே தங்கிவிடுமாயின், அக்கை ஓய்ந்தபோது கலையும் ஓய்கின்றது. நம் முன்னோர் செய்முறைகளுள் எத்தனை இவ்வாறு ஒழிந்தன என்பதை வயது முதிர்ந்த அன்பர்கள் எம்மினும் நன்கு அறிவர்.

எனினும் கோல் முற்றும் அவியவில்லை. சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஆஸ்கர் கெல்பர்க் என்பார், கப்பல்களின் கொதிகலங்களில் நீர் கசியும் இணைப்புக்களைச் செப்பனிட முயன்று, 1904-இல் எஸாப் என்னும் கம்பெனியை நிறுவினார். வெற்றுக்கம்பி தந்த இணைப்பு அவருக்கு நிறைவு தரவில்லை. இரும்புக்கம்பியைக் கார்பனேட்டு, சிலிகேட்டுப் பொருள்களின் குழம்பில் தோய்த்து உலர்த்தி, 1907-இல் அதற்குப் பட்டயம் கொண்டார். ஸ்லாவியானோவ் பொருளின்மேல் தூவிய காப்பைக் கெல்பர்க் கம்பியின்மேற் பூசினார். இன்று நம் ஊர்ப் பட்டறைகளில் வெல்டிங் ராடு எனப்படும் பூச்சுக்கோல் இதன் வழிவந்ததே. தூளுக்குள்ளே மின்வில்லை மறைத்துக் கம்பியைத் தானே ஊட்டும் முறை பின்னர் வளர்ந்தது. கியெவ் நகரில் அதனை வளர்த்த யெவ்கேனி பாட்டனின் ஆய்வுக்கழகம், 1941-இல் போரினால் இடம்பெயர்ந்து ஊரலுக்கே வந்து, டாங்கிகளின் உடலைப் பற்றவைக்கத் துணைநின்றது. ஸ்லாவியானோவ் கண்ணாடித் தூள் தூவிய மலைநாட்டுக்கே அக்கலை மீண்டது.

கம்பியின் வடிவமும் மாறிக்கொண்டே வருகின்றது. உள்ளே தூள் அடைத்த கம்பி ஒரு வகை. பல்புரிக் கம்பி மற்றொரு வகை. ஒரு தடித்த கம்பிக்கு ஈடாக மெல்லிய கம்பிகள் பலவற்றைக் கயிறுபோல் முறுக்குவர். நடுவே ஒன்றும் சுற்றிலும் ஆறுமாக ஏழு புரி கொள்வது அவற்றுள் ஒன்று. ஒரே பருமனுள்ள வட்டமொன்றைச் சுற்றி அதே பருமனுள்ள ஆறு வட்டங்கள் இடைவெளியின்றிப் பொருந்தும் கணக்கை நம் பிள்ளைகள் காசுகளை வைத்தே கண்டுகொள்ளலாம். புரிக்கம்பி வளைந்துகொடுத்துத் தடையின்றி ஊட்டுக்குழாயிற் செல்லும். புரிகள் முறுக்குண்டு வருதலால், நுனி உருகுந்தோறும் எரியும் இடம் சுற்றிச் சுற்றி மாறும். அதனால் மின்வில்லும் சுழன்று, உருகிய குட்டையைத் தானே கலக்கிவிடும். வெவ்வேறு உலோகப் புரிகளைச் சேர்த்து முறுக்கி, வேண்டும் கலவையைக் குட்டையிலேயே உண்டாக்கவும் கூடும். அதனை எண்ணுந்தோறும் எட்டு உலோகக் கிண்ணமே எம் நினைவுக்கு வருகின்றது.

மோட்டொவிலிகாவில் ஸ்லாவியானோவ் வாழ்ந்த இல்லம் பிற்காலத்தில் அவர் நினைவாகக் காட்சிச்சாலை ஆக்கப்பட்டது.