காளையார்கோவில் காட்டில் சின்ன மருது

விருதுநகர் மாவட்டம் நரிக்குடிக்குப் பக்கத்தில் முக்குளம் என்று ஓர் ஊர். மருது சகோதரர்கள் பிறந்தது அங்கேதான். அண்ணன் பெரிய மருது. தம்பி சின்ன மருது.

இருவரும் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரிடம் வேலைக்குச் சேர்ந்தார்கள். 1772-ல் காளையார்கோவிலில் மன்னர் கொல்லப்பட்டார். ராணி வேலு நாச்சியாரை மருதுகள் திண்டுக்கல் பக்கமுள்ள விருப்பாட்சிக்கு அழைத்துப் போனார்கள். 8 ஆண்டுகள் காத்திருந்து, ஐதர் அலியின் உதவியுடன் 1780-ல் சீமையை மீட்டார்கள்.

பெரிய மருதுவுக்கு வேட்டைதான் உயிர். ஆட்சிப் பொறுப்பெல்லாம் தம்பி தலையில்! சின்ன மருது சிறுவயல் அரண்மனையில் இருந்தார். வாசலில் காவல் கிடையாது. யாரும் உள்ளே போய் அவரைப் பார்க்கலாம்.

வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரியும் அப்படி வந்து போனவர்தான். அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக் கொடுத்தவரே சின்ன மருது.

1801-ம் ஆண்டு மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை காயத்தோடு தப்பி வந்தார். சின்ன மருது அடைக்கலம் கொடுத்தார். அதன் விலை என்ன என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஜூன் மாதம் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் அவருடைய அறிக்கை சுவரில் ஒட்டப்பட்டது. சாதி பாராமல் எல்லோரும் கும்பெனியை எதிர்க்க வேண்டும் என்று அது அழைத்தது.

கர்னல் அக்னியூ படையோடு வந்தார். கும்பெனியார் கைக்குப் போகக்கூடாது என்று சிறுவயலுக்கு அந்த ஊர்க்காரர்களே தீ வைத்துவிட்டார்கள்!

அங்கிருந்து காளையார்கோவில் வரை அடர்ந்த காடு. ஜூலைக் கடைசியில் மரத்தை வெட்டிப் பாதை போடத் தொடங்கினார்கள். பகலெல்லாம் வெட்டுவார்கள். மரத்துக்கு மரம் மறைந்திருந்து மருது வீரர்கள் தாக்குவார்கள். ஒரு மாதம் பாடுபட்டும் பாதை கோயிலை எட்டவில்லை. வேலையைக் கைவிட்டுப் படை திரும்பியது.

காட்டை வெல்ல முடியாத அக்னியூ, வேறு வழி தேடினார். படமாத்தூர் கௌரி வல்லபரைச் சிவகங்கைக்கு அதிபதியாக்கினார். அரச வம்சத்துக்காரர் என்று மக்களில் பலர் அவர் பக்கம் போனார்கள். பீரங்கி செய்யாததை இந்தப் பட்டம் செய்தது.

அக்டோபர் 1-ந் தேதி பல பக்கமாகப் புகுந்து காளையார்கோவிலைப் பிடித்தார்கள். காயம்பட்ட சின்ன மருதுவும் அண்ணனும் காட்டில் பிடிபட்டார்கள். அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூரில் இருவரையும் தூக்கிலிட்டார்கள்.

சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது சுமார் 15 வயது. 1802-ல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு அனுப்பினார்கள்.

1818-ல் வெல்ஷ் பினாங்குக்குப் போனார். உடல் தளர்ந்த ஒரு கிழவர் அவரைத் தேடி வந்தார். யார் என்று வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் புரிந்தது. அது துரைசாமி. அவருக்கு முப்பது வயதுக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது.