விண்ணின் இரைச்சலைக் கேட்டவர்

தொலைபேசியில் பேசும்போது குறுக்கே இரைச்சல் வந்தால் நாம் எரிச்சலோடு கருவியை வைத்துவிடுவோம். அந்த இரைச்சலின் பிறப்பிடத்தைத் தேடிப் போய், வானியலில் ஒரு புதிய துறைக்கே வழிதிறந்தவர் கார்ல் ஜான்ஸ்கி.

1905இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பிறந்தார். தந்தை பேராசிரியர். மகன் பௌதிகம் பயின்று, 1928இல் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

அட்லாண்டிக் கடல் கடந்து செல்லும் வானொலித் தொலைபேசிப் பேச்சைக் கெடுக்கும் இரைச்சல்கள் எங்கிருந்து வருகின்றன என்று கண்டறிவதே அவருக்கு இடப்பட்ட பணி. நியூஜெர்சியில் ஹோம்டெல் என்ற ஊரின் வெட்டவெளியில், சுமார் 30 மீட்டர் நீளமுள்ள ஏரியலைக் கட்டி, ஃபோர்டு காரின் நான்கு சக்கரங்கள்மீது நிறுத்தினார். 20 நிமிடத்துக்கு ஒருமுறை அது வட்டமடிக்கும். பார்த்தவர்களுக்கு அது ராட்டினம்தான்! அருகில் இடிக்கும் இடி, தொலைவில் இடிக்கும் இடி ஆகிய இரண்டும் எளிதில் பிடிபட்டன. மூன்றாவதாக இடைவிடாது கேட்ட மெல்லிய 'உஸ்' ஓசைதான் பிடிபடவில்லை.

முதலில் அது கதிரவனிடமிருந்து வருகிறது என்றே எண்ணினார். மாதக்கணக்கில் பதிவு செய்து பார்த்தபோதோ, ஓசை உச்சமடைவது 24 மணிக்கு ஒருமுறையன்று, 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை என்று தெரிந்தது. செய்தி முழுவதும் அந்த நான்கு நிமிடத்தில் இருந்தது. கதிரவனை வைத்து அளந்தால் ஒரு நாள் 24 மணி. விண்மீன்களை வைத்து அளந்தால் ஏறத்தாழ நான்கு நிமிடம் குறையும். ஆகவே ஓசை பிறப்பது கதிரவ மண்டலத்துக்கு அப்பால். அதுவும் தனுசு ராசியின் பக்கம், பால்வீதியின் மையத் திசையில். 1933இல் இதை அறிவித்தபோது அவருக்கு வயது 27.

நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வெளியிட்டது. வானியலாரில் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. 30 மீட்டர் குறுக்களவில் கிண்ண ஏரியல் ஒன்று அமைக்க ஜான்ஸ்கி ஆசைப்பட்டார். நிறுவனம் கேட்ட கேள்விக்கோ விடை கிடைத்துவிட்டது; பொருளாதார மந்தக் காலம் வேறு. அவர் வேறு பணிக்கு மாற்றப்பட்டார். நெடுநாள் சிறுநீரக நோயோடு போராடி, 1950இல் தமது 44ஆம் வயதில் மறைந்தார்.

அவர் கேட்டது கருந்துளையின் குரலன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அது பால்வீதியின் காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்களின் இரைச்சல். எனினும் அவர் கைகாட்டிய திசையில் 1974இல் ஒரு சிறிய, செறிவான வானொலி மூலம் கண்டுபிடிக்கப்பட்டது. கதிரவனைப் போல் சுமார் 40 லட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை அங்கே இருக்கிறது. 2022இல் அதன் படமும் வெளிவந்தது.

ஜான்ஸ்கி கேட்ட அலை 20.5 மெகாஹெர்ட்ஸ். சுமார் 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கினால், வானிலிருந்து வரும் அலைகளை நம் வளிமண்டலத்தின் அயனி அடுக்கு பெரும்பாலும் திருப்பியனுப்பிவிடுகிறது. தரையில் எத்தனை பெரிய ஏரியல் கட்டினாலும் பயனில்லை. தொலைதூரக் கருந்துளைகள் பீச்சும் தாரைகளின் தாழ்ந்த அலைகளைக் கேட்க விண்வெளிக்குத்தான் போகவேண்டும். சிறு செயற்கைக்கோள்கள் பலவற்றைப் பரப்பி, அவை வாங்கும் அலைகளை இணைத்து ஒரே பெரிய ஏரியல்போல் ஆக்கலாம் என்பது அறிஞர்களின் திட்டம். 2018இல் சீனாவின் லோங்ஜியாங்-2 என்ற சுமார் 47 கிலோ எடையுள்ள சிறு கோள், தாழ்ந்த அலைகளுக்கான ஏற்பியுடன் சந்திரனைச் சுற்றியது.

வானிலிருந்து வரும் வானொலி அலைகளின் வலிமையை அளக்கும் அலகுக்கு 1973இல் ஜான்ஸ்கி என்று பெயரிட்டார்கள்.