போலவத்தையில் துயிலும் சாங்கோபாங்க சுவாமிகள்

தவக்காலம் தொடங்கினால் எங்கள் மன்னார்க் கிராமத்தில் அம்மம்மா வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு வாசிப்பார். அயல்வீட்டுப் பெண்கள் முற்றத்தில் பாய் விரித்து இருந்து கேட்டு அழுவார்கள். இடம்பெயர்ந்து வன்னிக்குள் போனபோது அந்தப் புத்தகமும் எங்கள் பொதிக்குள் இருந்தது. 2009இல் பொதியும் போனது, அம்மம்மாவும் போனார். மறு ஆண்டு தவக்காலத்தில், முகாம் கூடாரத்துக்குள் என் பெரியம்மா மனப்பாடமாக இருந்த பகுதிகளைச் சொன்னார். எல்லாம் இழந்திருந்த எங்களிடம் அந்தச் சொற்கள் மட்டும் மிஞ்சியிருந்தன.

அவற்றை எழுதியவரைத் தேடிப் பல ஆண்டுகள் கழித்து, புத்தளம் மாவட்டத்தின் தென்கரைப் பக்கமாக, வென்னப்புவவுக்கு அண்மையிலுள்ள போலவத்தைக்குப் போனேன்.

யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1676இல் கோவாவின் திவார் தீவில் பிறந்தவர். தாய்மொழி கொங்கணி. தமிழ்க் கத்தோலிக்கர் அவரைச் சாங்கோபாங்க சுவாமிகள் என்று அழைத்தார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்திவிட்டிருந்தனர். 1687இல் மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகளார், கண்டி இராச்சியத்தின் துறைமுகமாயிருந்த புத்தளத்தின் வழியாகத்தான் உள்நாட்டுக்குள் போனார். அவருக்குத் துணையாக 1705இல் வந்தவரே கொன்சால்வெஸ்.

ஆலயங்கள் பறிபோன மக்களுக்குக் குரு எப்போதாவதுதான் வருவார். வந்தாலும் இரவில் வந்து விடியுமுன் போய்விடுவார். அவர் இல்லாத நாட்களில் வேதத்தைக் கேட்பது எப்படி? அதற்கு மக்களின் மொழியில் நூல் வேண்டும் என்று வாஸ் அடிகளார் கண்டார். அந்தப் பொறுப்பு கொன்சால்வெஸிடம் வந்தது. அவர் கண்டியில் பௌத்த பிக்குகளிடம் சிங்களம் படித்தார். தமிழையும் ஆழமாகக் கற்றார். இரு மொழிகளிலும் நற்செய்தி வாசகங்கள், பிரசங்கங்கள், செபங்கள், அகராதிகள் என்று எழுதிக் குவித்தார். சுவிசேட விரித்துரை, வியாகுலப் பிரசங்கம் ஆகியவை அவரது தமிழ் நூல்கள்.

அதே காலத்தில், 1715இல், தரங்கம்பாடியில் சீகன்பால்க் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். கொன்சால்வெஸிடம் அச்சுக்கூடம் இல்லை. அவரது நூல்கள் ஏட்டில் படியெடுக்கப்பட்டு ஊர் ஊராகப் போயின. குரு வராத ஞாயிறுகளில், எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். அப்படித்தான் எங்கள் முன்னோருக்கு வேதம் கிடைத்தது.

1742 யூலையில் அவர் போலவத்தையில் இறந்தார். அங்குள்ள ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கல்லறையருகே மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்த மூதாட்டி என்னோடு சிங்களத்தில் பேசினார். தன் பாட்டி தமிழில்தான் செபமாலை சொல்லுவார் என்றும், தனக்கு அது தெரியாது என்றும் சொன்னார். நீர்கொழும்பிலிருந்து சிலாபம் தாண்டியும் இந்தக் கரையோரத்துக் கத்தோலிக்கர் பலர் ஒருகாலத்தில் தமிழ் பேசியவர்கள். பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் சிங்களம் வந்தபின், இரண்டு மூன்று தலைமுறைக்குள் வீட்டிலும் தமிழ் நின்றுபோனது. ஆனாலும் அவரது தவக்காலப் பிரசங்கங்களை அந்த மூதாட்டி அறிவார். சிங்களத்தில் அறிவார்.

எங்கள் பிள்ளைகள் இன்று கனடாவிலும் பிரான்சிலும் வளர்கிறார்கள். அவர்களுடைய பாட்டிமார் எந்த மொழியில் செபித்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியவேண்டும். பெரியம்மாவின் குரலை நான் இப்போது கைப்பேசியில் பதிவுசெய்து வருகிறேன். கல்லறையில் நானும் ஒரு திரி ஏற்றினேன். அம்மம்மாவின் பெயரில் அந்தச் சுவாமிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.