கடுகளவு அயோடின்

டேவிட் மரைன் 1880ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தார். மருத்துவப் படிப்பை முடித்ததும் 1905ஆம் ஆண்டில் ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகருக்குப் பணியாற்றச் சென்றார். அங்குத் தெருவில் திரிந்த பல நாய்களின் கழுத்து வீங்கியிருப்பதைக் கண்டு வியந்தார். மனிதர் பலருக்கும் அதே வீக்கம் இருந்தது. அதன் பெயர் கழலை. அவ்வூர் மக்களோ பார்த்துப் பார்த்துப் பழகியதால் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

கழுத்தின் முன்புறத்தில் உள்ள தைராய்டு சுரப்பி இயங்க அயோடின் என்னும் கனிமம் தேவை. வாழ்நாள் முழுமைக்கும் ஒரு தேக்கரண்டி அளவே போதும். ஆனால், அதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பெற வேண்டும். கடல்மீன் உண்பவர்க்கு அது எளிதில் கிடைக்கும். கிளீவ்லாந்தோ கடலுக்கு வெகுதொலைவில் உள்ளது. அப்பகுதி மண்ணிலும் நீரிலும் அயோடின் மிகக் குறைவு. ஆகவே, அங்கு விளைந்த காய்கறியிலும் அது போதிய அளவு இல்லை. அயோடின் கிடைக்காத சுரப்பி, அக்குறையை ஈடுகட்ட முயன்று பருத்துவிடுகிறது.

மரைன் முதலில் விலங்குகளை ஆராய்ந்தார். பென்சில்வேனியாவில் பண்ணை மீன்களுக்கு ஏற்பட்ட வீக்கத்தைப் பிறர் புற்றுநோய் என்று கருதினர். அது கழலையே என்று மரைன் கண்டறிந்தார். நீரில் சிறிதளவு அயோடின் சேர்த்ததும் வீக்கம் குறைந்தது.

மீனுக்குக் கொடுப்பது வேறு. பிள்ளைகளுக்குக் கொடுப்பது வேறு. கிளீவ்லாந்துப் பள்ளிகளில் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்கு நஞ்சு ஊட்டுவதாகிவிடும் என்று அஞ்சினர். மரைன் மனந்தளராமல் அருகிலிருந்த ஆக்ரன் நகரை நாடினார். 1917இல் அங்கு அனுமதி கிடைத்தது. வளரும் பருவப் பெண்களிடையே கழலை மிகுதி என்பதால் அவரும் கிம்பல் என்ற மருத்துவ மாணவரும் பள்ளி மாணவியரையே சோதனைக்குத் தேர்ந்தெடுத்தனர். விரும்பியவர்களுக்கு மட்டும் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் பத்து நாள்கள் சோடியம் அயோடைடு கலந்த நீர் கொடுக்கப்பட்டது.

மாணவியருள் அந்நீரைப் பருகியவர்கள் 2,190 பேர். அவர்களில் ஐவருக்கு மட்டுமே சுரப்பி பருத்தது. பருகாத 2,305 பேரில் 495 பேருக்குப் பருத்தது.

ஆனாலும், ஊர்மக்கள் அனைவரையும் வரிசையில் நிற்க வைத்து மருந்து கொடுக்க முடியுமா? ஏழை, பணக்காரர் எல்லாரும் நாள்தோறும் உண்ணும் பொருள் உப்பு. சுவிட்சர்லாந்தில் 1922இல் உப்பில் அயோடின் கலக்கத் தொடங்கினர். 1924இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலக் கடைகளுக்கும் அயோடின் உப்பு வந்தது. சில ஆண்டுகளில் அங்குப் பள்ளிப் பிள்ளைகளிடையே கழலை வெகுவாகக் குறைந்தது.

அதற்கு முன்பே மரைன் நியூயார்க்கிற்குப் பணிமாறிச் சென்றிருந்தார். அங்கும் தைராய்டு ஆராய்ச்சியைத் தொடர்ந்த அவர், 1976இல் தம் 96ஆம் வயதில் காலமானார்.