கட்டபொம்மனும் படைக்கல உரிமையும்

ஆரணியைச் சூழ்ந்த களம்பூர் முதலிய ஊர்ப்புறங்களிலே வயலும் தறியுமே இன்று நம் கண்ணுக்குத் தோன்றுகின்றன. ஆனால் 1782-ஆம் ஆண்டில் ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி கூட் என்பாரும் ஆரணியருகே பொருதபொழுது, அப்பக்கமெங்கும் பீரங்கி முழங்கிற்று. அக்காலத்தே கோட்டையும் வெடிமருந்தும் பேரரசர்க்கேயன்றிச் சிறு தலைவர்க்கும் உரியனவாயிருந்தன. அவ்வுரிமை தென்னாட்டில் எங்ஙனம் மறைந்ததென்பதை வீரபாண்டிய கட்டபொம்மன் வரலாற்றால் நாம் நன்குணரலாம்.

மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கர், தம் தளவாய் அரியநாத முதலியாரின் துணைகொண்டு, நாட்டை 72 பாளையங்களாக வகுத்தார் என்பர். கப்பஞ் செலுத்துதலும், அரசன் வேண்டியபொழுது படை நடத்தி வருதலும் பாளையக்காரர் கடமைகளாம். ஆதலின் படைக்கலம் வைத்திருத்தல் அவர்க்குக் குற்றமன்று, வையாதிருத்தலே குற்றமாயிற்று.

இத்தகைய பாளையங்களுள் ஒன்றாகிய பாஞ்சாலங்குறிச்சியில், 1760-ஆம் ஆண்டு பிறந்த கட்டபொம்மன், 1790-இல் பட்டமெய்தினார். இரண்டாண்டு கழிந்தபின், ஆர்க்காட்டு நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால், கப்பம் வாங்கும் அதிகாரம் கும்பினியார் கைப்பட்டது. 1798-ஆம் ஆண்டு செப்டம்பரில் கலெக்டர் ஜாக்ஸன் அவரை இராமநாதபுரத்திற்கு அழைப்பித்தார். ஆண்டு நேர்ந்த கைகலப்பில் கிளார்க் என்னும் படைத்தலைவர் மாண்டார். விசாரணையின் முடிவில் சென்னை அரசாங்கத்தார் கட்டபொம்மனைக் குற்றமற்றவரெனக் கொண்டு, ஜாக்ஸனைப் பதவியினின்று நீக்கினர். ஆயினும் பகை தணிந்திலது. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் கோட்டையைத் தாக்கினார். தப்பிச் சென்ற கட்டபொம்மன் புதுக்கோட்டைத் தொண்டைமானால் பிடித்துக் கொடுக்கப்பட்டு, அக்டோபர் 16-இல் கயத்தாற்றில், ஏனைப் பாளையக்காரர் காணத் தூக்கிலிடப்பட்டார்.

அடுத்த சில நாட்களிலேயே பானர்மன் ஓர் அறிக்கை வெளியிட்டார். கோட்டைகளை இடித்துவிட வேண்டும். படைக்கலங்களை ஒப்புவித்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். 1801-இல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை சிறையினின்று தப்பி மீண்டும் கோட்டை எழுப்பினார். சிவகங்கை மருது சகோதரரும் அவரோடு கூடினர். அவ்வெழுச்சியும் ஒடுக்கப்பட்டபின், 1801 டிசம்பர் முதல் தேதியன்று கவர்னர் எட்வர்டு கிளைவ் ஆயுதத் தடையை உறுதிப்படுத்தி மற்றோர் அறிக்கை பிறப்பித்தார். முன்னாளிற் கடமையாயிருந்தது இவ்வாறு பெருங்குற்றமாயிற்று.

இத்தடை முற்றும் தீதென்பது நம் கருத்தன்று. பாளையங்கள் தம்முள் பொருத காலத்தே உழவர் பட்ட துன்பமும் சிறிதன்று. ஆனால், தடையை விதித்தவர் குடிகளைக் கலந்தாரில்லை. தம் பீரங்கிகளையும் கீழே வைத்தாரில்லை. 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் எழுந்த ஆயுதச் சட்டமும் இந்தியரைத் தடுத்து ஐரோப்பியர்க்கு விலக்களித்தது. இவ்வேற்றுமையே நம்மவர் நெஞ்சைச் சுட்டது. அதனாலன்றோ, 1931-இல் கராச்சியிற் கூடிய காங்கிரஸ் மகாசபை, விதிகளுக்குட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமையையும் குடிகளின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக எண்ணிற்று!

எனினும், விடுதலை பெற்றபின் நம் அரசியல் நிர்ணய சபையார் அதனை அரசியலமைப்பிற் சேர்த்திலர். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும் என்றது. வெடிகுண்டு, எறிகுண்டு, ராக்கெட்டு ஆகியவற்றைத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் வைத்தது. வெடிபொருள் பற்றிய 1908-ஆம் ஆண்டுச் சட்டமும் விடுதலைக்குப்பின் தள்ளப்பட்டிலது.

அந்நியர் பறித்ததை நம்மவரும் மீட்டுக் கொடாமை முரணன்றோ எனச் சிலர் வினவலாம். அன்றென்பதே நம் துணிபு. ஒருவன் இல்லத்திருக்கும் வெடிகுண்டு அவனை மட்டும் காப்பதன்று. அயலார் அனைவரையும் அச்சுறுத்துவது. கயத்தாற்றில் மாய்ந்த வீரரின் பெருமை அவர் கோட்டையிலிருந்த வெடிமருந்தாலன்று. தம்மைக் கேளாது தம்மேல் ஏற்றப்பட்ட ஆணைக்குத் தலைவணங்காமையாலேயே அது நிலைபெற்றது. நாமே நம் பிரதிநிதிகளைக் கொண்டு இயற்றி, யாவர்க்கும் ஒப்ப நடத்தும் சட்டத்திற்கு அடங்குதல், அவ்வீரத்திற்கு இழுக்காகாது.