பறவைகளைத் தேடிய சலீம் அலி

மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் கிணற்றின்மேல் சாய்ந்த மரக்கிளைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்குவதை நாம் கண்டிருப்போம். அக்குருவியின் வாழ்வை 1930ஆம் ஆண்டில், மும்பைக்கு அருகிலுள்ள கிகிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் மாதக்கணக்கில் அமர்ந்து ஆராய்ந்தவர் சலீம் அலி. ஆண்பறவை பாதிக்கூட்டை நெய்து நிறுத்தும். பெண்பறவை வந்து பார்த்து ஏற்றுக்கொண்ட பின்னரே எஞ்சியதை முடிக்கும்; பிறகு அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். இதனை உலகிற்கு எடுத்துரைத்தபோது அவர் நிலையான வேலையற்றவர் என்பது வியப்பிற்குரியது.

1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மும்பையில் பிறந்த அவர், மூன்று வயதிற்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தார். தாய்மாமன் அமீருதீன் தயாப்ஜியின் இல்லமே அவரை வளர்த்தது. 1918இல் தெஹ்மினாவை மணந்தார். இங்கிலாந்தில் கல்வி கற்ற அவ்வம்மையார், நகர வசதிகளைத் துறந்து காட்டு முகாம்களில் கணவருடன் தங்கினார். அவருடைய எழுத்துகளைப் படித்துத் திருத்தவும் செய்தார். 1931இல் தொடங்கிய ஐதராபாத் பறவைக் கணக்கெடுப்பிலும், 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் நடந்த ஆய்விலும் உடனிருந்தார்.

1939இல் ஓர் அறுவை மருத்துவத்திற்குப் பின் தெஹ்மினா மறைந்தார். அறுவை சிறியதே, அதனாலேயே இழப்பு எவரும் எதிர்பாராததாயிற்று. ஏறத்தாழ இருபது ஆண்டுத் துணை நீங்கிய சலீம் அலிக்கு, மும்பை பாலி ஹில் பகுதியில் வாழ்ந்த தமக்கை கமூவும் அவர் கணவர் ஹசன் அலியும் தம் வீட்டில் இடமளித்தனர். துயருற்றவர் உறவினர் கையைப் பற்றிக்கொள்வது குறையன்று. அவர் அதனைத் தயங்காது ஏற்றார். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

காடு அவரை மீண்டும் அழைத்தது. மைசூர், பகவல்பூர், குஜராத் எனப் பயணங்கள் தொடர்ந்தன. இருவராக நடந்த தடங்களில் இப்போது தனியே நடந்தார். பறவைகளின் வரவும் கூடும் குரலும் குறிப்பேட்டில் பதிவாயின. துயர் முற்றும் அகன்றது எனச் சொல்லிவிட இயலாது. நாள்களுக்கு மட்டும் ஓர் ஒழுங்கு திரும்பியது. 1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. 1945இல் கயிலை, மானசரோவர் வரை சென்றார். டில்லன் ரிப்ளேயுடன் இணைந்து எழுதிய பத்துத் தொகுதிகள் 1968 முதல் 1974 வரை வெளியாயின.

தொண்ணூறு வயது வரை வாழ்ந்து 1987இல் மறைந்த அவர் பெயரால், 1990இல் கோவையை அடுத்த ஆனைகட்டியில் பறவையியல் ஆய்வு மையம் தோன்றியது.