மன்றோவின் அட்டவணையில் இல்லாத கட்டம்

1761இல் கிளாஸ்கோவில் பிறந்து, 1780இல் படைப்பணிக்காகச் சென்னை வந்த தாமஸ் மன்றோ 1820இல் மாகாண ஆளுநரானார். பள்ளிகளையும் மாணவர்களையும் கணக்கெடுத்து அனுப்புமாறு 1822இல் ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். தாமிரபரணிக் கரையின் திருநெல்வேலியும் கணக்கு அனுப்பியது. மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அவ்வெண்களை முன்வைத்தே, வட்டந்தோறும் அரசுப் பள்ளி வேண்டுமென 1826இல் அவர் பரிந்துரைத்தார். மறு ஆண்டே காலராவால் இறந்தார்.

சான்றின் மீது திட்டத்தை எழுப்பிய அம்முறையை மதிக்கிறோம். ஆயினும் அவரது படிவத்தில் பிராமணர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்களுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. தீண்டாமைக்குள்ளான மக்களுக்கு இல்லை. எஞ்சிய சாதிகள் அனைத்திற்கும் ஒரே கட்டம். ஆகவே, திருநெல்வேலிச் சேரிகளிலிருந்து ஒரு பிள்ளையேனும் பள்ளி சென்றதா என்பதை அவ்வட்டவணை சொல்லாது. எண்ணப்படாத பிள்ளைக்கு எத்திட்டமும் வந்து சேர்வதில்லை. கல்விக் கணக்குகளைச் சாதிவாரியாகப் பிரித்து வெளியிடுமாறு நாம் இன்றும் கோருவது இதனாலேயே.